விலை ஏறியதற்கு வழக்கு இல்லை, ஒளித்து வைத்த அரிசிக்கு உண்டு

வந்த கடிதம்

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். கணவர் வாவியில் மீன்பிடிக்கிறார். இவர் விடியற்காலையில் எழும்பி இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது, அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு மூட்டை அரிசிமா, காஸ் அடுப்பு, மெத்தை, பிள்ளைகளின் கொப்பிகள் எல்லாம் நனைந்து பழுதாகின. கணவரின் வலையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் அவருடைய பிரச்சினை. வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் ஒருநாள் “அரிசி முடிஞ்சுது” என்றார். இவர் அங்கே நிற்கும்போதே தறப்பாளுக்குக் கீழே இருந்த மூட்டையைத் திறந்து வேறொருவருக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தார், அதுவும் கூடின விலைக்கு. பற்றுச்சீட்டு கேட்டால் தருவதில்லை. ஆனால் கொப்பியில் எழுதிக் கடனுக்குச் சாமான் தருகிற ஒரே ஆளும் அவர்தான். வீட்டுக்காரரோ, அரசாங்கம் தரும் சுத்தம் செய்யும் காசு வீடு யாருடையதோ அவருக்குத்தான் என்கிறார். அத்துடன் வாடகையில் 3,000 ரூபா கூட்டவேண்டும், இல்லாவிட்டால் மாத முடிவில் வெளிக்கிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சுத்தம் செய்யும் காசுக்கான பட்டியலில் இவருடைய பெயர் இல்லை.

கடன் மூன்று இடத்தில். கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடன் ஒன்று. ஊரில் ஒருவரிடம் மாதம் 10 வீதத்துக்கு எடுத்த 40,000 ரூபா. அதற்கு 11 மாதமாக வட்டி மட்டும் கட்டியிருக்கிறார், முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. வெற்றுத்தாள் ஒன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தாலிக்கொடியும் ஒரு சங்கிலியும் வங்கியில் அடகில் இருக்கின்றன. குழுக்கடன் அறவிட வரும் பொடியன் பின்னேரம் வரை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான், “பொலிசில போடுவம்” என்கிறான்.

“அக்கா, கடைக்காரருக்கு எதிராக வழக்குப் போட முடியுமா? கடன் கட்டாவிட்டால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களா? கடைசியாக ஒன்று, வெட்கத்தோடுதான் கேட்கிறேன். நான் இடியப்பத்துக்கு விலை கூட்டினால் நானும் அந்தக் கடைக்காரரைப் போல ஆகிவிட மாட்டேனா?”

என் பதில்

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் கடைக்காரரைப் பற்றித்தான் இருக்கிறது. கோபம் எனக்கு விளங்குகிறது. கண் முன்னால் மூட்டையைத் திறந்துவிட்டு இல்லை என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் குடும்பத்துக் காசு அதிகம் போவது அரிசிக் கடையில் அல்ல. மாதம் 4,000 ரூபா வட்டியாகவும், கேட்டு எடுக்காமல் விட்டுவிட்ட நிவாரணமாகவும்தான் போகிறது. அதனால் கடையைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்ற இரண்டுக்கும் கூடுதல் நேரம் எடுக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். சாமான் விலை ஏறுவது மட்டும் குற்றமல்ல. டித்வாவில் 600 பேருக்கும் மேல் இறந்து போனார்கள். மலைநாட்டில் மண்சரிவால் பாதைகள் மூடின, கரட்டும் லீக்சும் விளையும் நிலங்களே சரிந்து போயின. மன்னம்பிட்டியில் வெள்ளம் நின்றபோது பொலன்னறுவைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு லொறி வர வழியில்லை. சுற்றி வந்த லொறிக்குக் கூலி கூடியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக வயல்கள் தண்ணீருக்குள் நின்றன. இவ்வளவும் சேர்ந்து விலையை ஏற்றியபோது, மொத்தக் கடையில் கூடக் கொடுத்து வாங்கியவர் கூடத்தான் விற்பார். அதற்கு அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் காய்க்கும் வரை வருடக்கணக்கில் தேங்காய்க்குத் தட்டுப்பாடு இருந்திருக்கும். அப்படியான விலையேற்றத்துக்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

சட்டம் தடுப்பது வேறு சில செயல்களை. உங்கள் கடைக்காரர் செய்ததில் அவையும் இருக்கின்றன.

கடையில் எது குற்றம்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கையில் இருக்கும் சாமானை இல்லை என்று சொல்வது குற்றம். விற்பனைக்கு வைத்திருப்பதை விற்க மறுப்பதும், கூடுதல் விலை வரும் என்று பதுக்கி வைப்பதும் குற்றம். விலைப்பட்டியலை ஆட்கள் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். அரசாங்கம் உச்ச விலை போட்ட பொருளை அதற்கு மேல் விற்கவும் கூடாது. 2024 டிசம்பரில் அரிசிக்கு அப்படி விலை போட்டார்கள். உள்ளூர் நாட்டரிசி கிலோ 230 ரூபா, சம்பா 240, கீரிச்சம்பா 260. இந்த விலைகளை அரசாங்கம் இடைக்கிடை மாற்றும். அதனால் முறைப்பாடு செய்வதற்கு முன் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, இன்றைக்கு என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். முறைப்பாட்டையும் அதே இலக்கத்தில் சொல்லலாம். உச்ச விலையை மீறுகிற தனி வியாபாரிக்கு, 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, குறைந்தது ஒரு லட்சம் ரூபா தண்டம்.

வழக்குப் போடுவது உங்கள் வேலை அல்ல என்பதையும் கவனியுங்கள். நீங்கள் தகவல் கொடுத்தால் அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் வந்து பார்த்து, அவர்களே நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்வார்கள். உங்களுக்குச் சட்டத்தரணியும் வேண்டாம், செலவும் இல்லை. உங்கள் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. திகதி, நேரம், அரிசியின் வகை, அவர் சொன்ன விலை ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முறைப்பாடு செய்யத்தான் வேண்டுமா? இந்த இடத்தில் நான் உங்களை அவசரப்படுத்த மாட்டேன். ஊர் சின்னது, யார் சொன்னது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். அவர் கொப்பியை மூடினால் அடுத்த கிழமை உங்கள் வீட்டில் என்ன சமைப்பது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு “உரிமைக்குக் குரல் கொடுங்கள்” என்று எழுதுவது எனக்குச் சுலபம், அனுபவிப்பது நீங்கள். எனவே முதலில் அந்தக் கொப்பியைச் சரி செய்யுங்கள். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தில் “சாமான் 2,340”, “சாமான் 1,875”, “பழைய பாக்கி” என்றுதான் இருக்கிறது. என்ன சாமான், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று ஒரு இடத்திலும் இல்லை. காசுக்கு வாங்கினால் ஒரு விலை, கடனுக்கு வாங்கினால் இன்னொரு விலை போட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இனி சாமான் வாங்கும்போது உங்களிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். அவர் முன்னாலேயே “நாட்டரிசி 3 கிலோ, கிலோ இவ்வளவு” என்று எழுதுங்கள். “பிள்ளைகளின் அப்பா கணக்குக் கேட்கிறார்” என்று சொன்னால் சண்டையும் வராது. பல கடைகளில் இதுவே போதும், விலை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

அரிசியை மட்டும் கையில் காசுக்கு அரசாங்கக் கடையான சதொசவிலோ கூட்டுறவுக் கடையிலோ வாங்க முடிந்தால் வாங்குங்கள். மற்றச் சாமான் கொப்பியில் இருக்கட்டும். பாக்கி குறையக் குறைய அவரிடம் உங்களுக்கு உள்ள பயமும் குறையும். பதுக்கல் தொடர்ந்தால் அப்போது 1977க்கு அழையுங்கள். உங்களுக்கு முன்னால் அரிசி வாங்கினவரும், உங்களைப் போலத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை வரும்போது நம் பக்கம் அரிசி விலை வழமையாக இறங்கும். அதனால் அறுவடை நெருங்கும் நேரத்தில் பயந்துபோய்க் கடனுக்கு மூட்டைக் கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம்.

சுத்தம் செய்யும் காசு யாருக்கு?

இதில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நீங்கள் நம்பிவிட்டீர்கள். அதுதான் எனக்குக் கவலை. டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா, தண்ணீர் புகுந்த வீட்டைக் கழுவித் துடைத்துத் திரும்பக் குடியிருப்பதற்கானது. சேற்றை அள்ளினது நீங்கள், மெத்தையைத் தூக்கி எறிந்ததும் நீங்கள். வீட்டு உறுதிப்பத்திரம் யார் பெயரில் என்பது அதற்குக் கணக்கில்லை, அங்கே குடியிருந்த குடும்பம்தான் கணக்கு. வீட்டுச் சாமான்களுக்கு என்று அறிவித்த 50,000 ரூபாவும், இழந்தவர் யார் என்று பார்த்துக் கொடுப்பது. சுவர், கூரை சேதத்துக்கான இழப்பீடு வேறு. அது வீட்டின் சொந்தக்காரருக்குத்தான் சேர வேண்டும், அதில் நீங்கள் பங்கு கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தை வீட்டுக்காரருக்கும் அமைதியாகச் சொல்லுங்கள். அவரும் வேண்டுமென்று செய்யாமல், இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கக்கூடும்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. கிராம உத்தியோகத்தர் தகவல் எடுப்பவர், தீர்மானம் பிரதேச செயலகத்துடையது. பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எந்தத் திகதியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது, என்னென்ன பழுதானது, எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடையாள அட்டைப் பிரதி, அந்த முகவரியில் பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, மின்கட்டண ரசீது, போனில் எடுத்த படங்கள் எல்லாம் சேருங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் செயலகத்தின் திகதி முத்திரையை வாங்கிக் கையில் வையுங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லாகப் பத்துத் தரம் கேட்டதற்கு அலுவலகத்தில் பதிவு இருக்காது. என்னிடம் வருகிற பெண்களில் அநேகர் கஷ்டப்பட்டு, அலைந்து, கெஞ்சிக் கேட்டிருப்பார்கள். கையில் ஒரு தாள் இராது. மேன்முறையீடு என்று வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, எங்கள் பிரிவில் இந்தக் கொடுப்பனவு யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது, என்ன அடிப்படையில் தெரிவு செய்தீர்கள், சுற்றறிக்கையின் பிரதி தாருங்கள் என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இப்படி ஒரு விண்ணப்பம் போனதும் விடுபட்ட பெயர்கள் சேர்க்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

வேண்டுமென்றே உங்களை ஒதுக்கினார்கள் என்று சந்தேகம் இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. இதில் நாள் முக்கியம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் கெடு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.

கணவரின் வலைக்கு வேறு வழி இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. கடற்றொழில் பரிசோதகரிடமும் அவருடைய மீனவர் சங்கத்திலும் வலை இழப்பைப் பதியச் சொல்லுங்கள். வாவியில் தொழில் செய்பவரும் மீனவர்தான். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் அஸ்வெசும கொடுப்பனவு எடுக்கிறீர்களா என்றும் எழுதவில்லை. 2025 முதல் வறிய பிரிவுக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபா. எடுக்காவிட்டால் 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்து விண்ணப்பம், மேன்முறையீடு பற்றிக் கேளுங்கள். வெள்ள நிவாரணம் வாங்கினால் அஸ்வெசும வெட்டுப்படும் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

வாடகையைப் பற்றி

உங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. அதனால் உரிமை இல்லை என்று ஆகாது. மாத வாடகை வாங்கிக்கொண்டு குடியிருக்க விட்டவர், நினைத்த நேரம் சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது. முறையாக எழுத்தில் முன்னறிவித்தல் தர வேண்டும். அதற்குப் பிறகும் நீங்கள் போகாவிட்டால் வழக்குப் போட்டுக் கட்டளை எடுத்து, நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் மூலம்தான் வெளியேற்றலாம். கதவை உடைத்தாலோ பூட்டை மாற்றினாலோ உடனே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் திரும்ப உள்ளே போகக் கட்டளை கேட்கலாம். ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அந்த விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இல்லாதபடியால் அவர் கூடுதல் வாடகை கேட்பதை நீங்கள் முழுதாகத் தடுக்கவும் முடியாது. முறைப்படி போனால் காலப்போக்கில் அவர் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதனால் 3,000 என்பதை அப்படியே ஒத்துக்கொள்ளாமலும், முகத்தை முறிக்காமலும் பேசுங்கள். குசினிச் சுவரைப் பூசியது, கிணற்றை இறைத்தது என்று நீங்கள் செலவழித்த காசைச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பழைய வாடகை, அதற்குப் பிறகு பாதி கூட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். இணங்கினால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை முழுமையாகச் செல்லுபடியாக நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் கையெழுத்துத் தாள், நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதற்குச் சாட்சி. ஒத்து வராவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், காசு செலவில்லை. கடைசியாக ஒன்று. வாடகையை மாதாமாதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நிலுவை வைத்தால் உங்கள் பக்கம் பலம் குறைந்துவிடும்.

கடன்: எதை முதலில், எதைப் பிறகு?

உள்ளே போடுவார்களா என்று கேட்டீர்கள். இல்லை. எடுத்த கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம், அதற்குப் பொலிஸ் கைது செய்யாது. காசில்லாத கணக்குக்குக் காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. நீங்கள் காசோலை கொடுக்கவில்லை. அந்தப் பொடியன் சொல்வது பயமுறுத்தல். உங்கள் வாசலில் இருந்துகொண்டு, போகச் சொல்லியும் போகாமல் அவமானப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமாகலாம். அடுத்த முறை, பக்கத்து வீட்டு ஆளையும் வைத்துக்கொண்டு, “இன்றைக்குக் காசு இல்லை, கம்பனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து போங்கள்” என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். மீறி இருந்தால் பொலிசில் சொல்லலாம். அவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிற, மேலிடத்திலிருந்து ஏச்சு வாங்குகிற ஒரு பிள்ளைதான். கடிதத்தைக் கம்பனிக்கு எழுதுங்கள்.

அந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக எழுதாதீர்கள். குழுவில் இருக்கிற எல்லாருடைய வீட்டுக்கும்தான் தண்ணீர் வந்தது. ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்பதால், நீங்கள் ஒரு கிழமை தவறினால் அவர்கள் உங்கள் மேல் பாய்கிறார்கள். அந்தக் கோபம் உங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சூறாவளியால் தொழில் நின்றது, இத்தனை மாதத்துக்குத் தவணையை நிறுத்துங்கள், பிறகு கிழமைக்கு இவ்வளவு கட்ட முடியும் என்று ஒரே கடிதம் அனுப்புங்கள். டித்வாவுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சலுகை கொடுக்கும்படி மத்திய வங்கி அறிவுறுத்தியது. இப்படியான சலுகை தானாக வராது, கேட்க வேண்டும். கிடைத்தாலும் தள்ளிப்போடுவது தள்ளுபடி அல்ல. அந்த மாதங்களுக்கு வட்டி ஏறுமா, மொத்தம் எவ்வளவாகும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அதை நினைத்து இப்போதும் தள்ளுபடி வரும் என்று கட்டாமல் விடுவது ஆபத்து.

அந்தக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று அந்த வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பெற்றதென்றால், 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதைக் கட்டுப்படுத்தும். தொந்தரவு கொடுத்து அறவிட்டால் அங்கேயே முறைப்பாடு செய்யலாம்.

இனி அந்த 40,000. தங்கச்சி, இதுதான் உங்கள் வீட்டை அரிக்கிறது. 11 மாதத்தில் 44,000 ரூபா வட்டி கட்டியும் முதல் அப்படியே நிற்கிறது. வழக்குப் போட்டு அறவிடக்கூடிய வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்ற விதி 1852ஆம் ஆண்டிலிருந்து நம் சட்டத்தில் இருக்கிறது. மிகக் கொடிய வட்டி என்று கண்டால் கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு 1918ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஆனால் வழக்கு என்றால் வருடக்கணக்கு. நான் விரும்புவது, ஊரில் மதிப்புள்ள ஒருவரையும் வைத்துக்கொண்டு பேசி, கட்டின வட்டியைக் காட்டி, ஒரு தொகையோடு கணக்கை மூடுவது. மூடும் நாளில், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த வெற்றுத்தாளைத் திரும்ப வாங்காமல் காசைக் கையில் கொடுக்கக் கூடாது. பேச்சுக்கு வராவிட்டால் இதற்கும் மத்தியஸ்த சபைதான்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வங்கியில் இருக்கிற நகையைப் பற்றி யோசியுங்கள். நீங்கள் அடகு வைத்த காலத்தைவிடத் தங்கத்தின் விலை மிகவும் ஏறிவிட்டது. இதைச் சொல்லி, அதே நகைக்கு மேலதிகமாகக் காசு தருகிறோம் என்பார்கள். எடுத்தால் வட்டியும் அதற்கேற்பக் கூடும். அதற்குப் பதிலாகச் சங்கிலியை மீட்டு விற்றால், அதன் அடகுக் கடனும் போய், மிச்சத்தில் அந்த 40,000 முழுதாகவோ பாதியோ அடையலாம். தாலிக்கொடியை விற்கச் சொல்லவில்லை, அது உங்கள் மனதைப் பொறுத்தது. விற்காமலே அதன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். அடகுத் துண்டில் உள்ள முடிவுத் திகதியை இன்றைக்கே பாருங்கள். ஏல அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய்விட்டால் உங்களுக்குத் தெரியாமலே நகை போய்விடும். வீடு மாறினால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள்.

ஆக, காசு கையில் வரும் ஒழுங்கு இதுதான். பிள்ளைகளின் சாப்பாடும் அடுத்த நாள் இடியப்பத்துக்கான மாவும் முதலில். அப்புறம் வாடகை. பிறகு அடகு வட்டி. அதன் பின் அந்த 40,000ஐ மூடுவது. குழுக்கடனுக்குக் கடிதம் போய் இருப்பதால் அது காத்திருக்கும். இதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கடன் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கிறது, நகையும் உங்களுடையது. வலை வாங்க இன்னுமொரு கடன் எடுப்பதா என்ற பேச்சு வீட்டில் வரத்தான் போகிறது. நிவாரணத்தின் பதில் வரும் வரை அதைத் தள்ளிவையுங்கள்.

இடியப்பத்தின் விலை

இதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? இடியப்பத்துக்கு அரசாங்கம் உச்ச விலை எதுவும் போடவில்லை. நீங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை, இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் இல்லை. மாவும் காஸும் தேங்காயும் ஏறின பிறகும் பழைய விலைக்கே கொடுத்தால், அந்த மூன்று கடைகளின் இலாபத்துக்கு உங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மா, எத்தனை தேங்காய், ஒரு சிலிண்டர் எத்தனை நாளுக்கு என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். உங்கள் கூலியையும் அதில் சேருங்கள், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வருகிற தொகையை இடியப்பத்தின் எண்ணிக்கையால் பிரித்தால் உங்கள் அடக்க விலை தெரியும். கடைக்காரர்களுக்கு ஒரு கிழமை முன்னரே சொல்லுங்கள். சம்பலைத் தனியாகக் கணக்குப் போட்டால் தேங்காய் விலை ஏறும்போது இடியப்பத்தின் விலையை அடிக்கடி மாற்ற வேண்டி வராது.

பிரதேச செயலகத்துக்கான கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள். எழுதத் தடுமாறினால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு அடையாள அட்டை, கடன் புத்தகம், அடகுத் துண்டு, அந்தக் கடைக் கொப்பியின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள்.

அன்புடன்,
அக்கா